வலுவிழந்தது காற்றுதான், தண்ணி இல்லை

(வேதாரண்யத்தில் மாணவர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"புயல் வலுவிழந்தது" என்று டிவியில் சொன்னதும் ஊர்த்தெருவில் நிம்மதியாகப் படுக்கப் போகிறார்கள். சேரியில் அப்போதுதான் பானை சட்டியைப் பரணில் ஏத்துறோம். ஏன் இப்படி?

வானிலைத் துறை புயலுக்குத் தரம் வைப்பது காற்றைப் பார்த்து. மணிக்கு 63 கிலோமீட்டரைத் தொட்டால் புயல். அதற்குக் கீழே இறங்கினால் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். இன்னும் இறங்கினால் வெறும் தாழ்வு மண்டலம். மழைக்குக் கணக்கு வேறு. 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் போனால் அதி கனமழை. காற்று குறைந்தால் மழையும் குறையணும்னு எந்தச் சட்டமும் இல்லை. நகராமல் ஒரே இடத்தில் உட்கார்ந்துவிட்டால், கடல் ஈரத்தை இழுத்து இழுத்துக் கொட்டும்.

2020 டிசம்பரில் புரெவி வந்தது. 2ஆம் தேதி இரவு திருகோணமலைக்கு வடக்கே கரையேறி, மன்னார் வளைகுடாவுக்கு வந்து, ராமநாதபுரம் கரையோரம் வலுவிழந்து நின்னுடுச்சு. 4ஆம் தேதி காலையில் பார்த்தால், இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் கொள்ளிடத்தில் 36 சென்டிமீட்டர் மழை!

2025 நவம்பர் 28இல் இலங்கையில் கரையேறிய டிட்வாவும் காற்றுக் கணக்கில் தீவிரப் புயல்கூட இல்லை. ஆனால் வெள்ளத்திலும் மண்சரிவிலும் அங்கே 600 பேருக்கு மேல் செத்தார்கள். மலையகத்தில் தேயிலை பறிக்கிற நம் சனங்களும் அதில் உண்டு.

2018 நவம்பர் 16 கஜாவை வேதாரண்யத்துக்காரர்களுக்கு நான் சொல்லணுமா? அது காற்று. மாடி வீட்டையும் அடித்தது, குடிசையையும் அடித்தது. தண்ணிக்கு மேடு பள்ளம் தெரியும். மேட்டில் ஊரும் கோயிலும், வாய்க்கால் ஓரப் பள்ளத்தில் சேரி என்று பிரித்து வைத்தது இயற்கையா? சாதிதானே!

கஜாவில் போன எங்கள் கூரை மேல் தார்ப்பாய் கட்டியிருந்தோம். புரெவியில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணி. வடிந்த பிறகு கணக்கெடுக்க ஒருத்தர் வந்தார். "சிட்டா, அடங்கல் இருக்கா?" என்று கேட்டார். எங்கம்மா சொன்னாள்: "நட்டது நாங்க சார். சிட்டா நிலத்துக்காரர்ட்ட இருக்கு." அவர் அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்.

அந்தத் தடவை நெல்லுக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தார்கள். கொடுக்கட்டும், சிறுவிவசாயிக்கு அது வேணும். ஆனால் முங்கின வயலில் களையெடுப்பும் போச்சு, அறுப்புக் கூலியும் போச்சே, அதை எந்தப் பதிவேட்டில் எழுதினார்கள்? உப்பளத் தொழிலாளிக்கு மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாய் என்று அரசு கொடுக்கிறது. மழையால் வேலை போகிறது என்று அங்கே ஒத்துக்கொண்டவர்கள், வயல் கூலிக்காரருக்கு மட்டும் ஏன் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்?

நாம் செய்ய வேண்டியது என்ன? வலுவிழந்தது என்ற சேதி கேட்டு முகாமிலிருந்து கிளம்பாதீர்கள். இளைஞர்கள் வாய்க்காலில் கழி நட்டு, அளவு குறித்து, ஆள் மாற்றி இரவெல்லாம் பாருங்கள். தண்ணி ஏறினால் முதியவர், பிள்ளைத்தாய்ச்சிகளை முதலில் மேட்டுக்குக் கொண்டு போங்கள்.

நாம் இருப்பது கடைமடை. மேலே விழுகிற மழையும் நம் வழியாகத்தான் கடலுக்குப் போகணும். புயல் நேரத்தில் கடல் ஏறி நின்றால் அதுவும் வடியாது. ஆகவே ஐப்பசிக்கு முன்பே அடப்பாறு, அரிச்சந்திரா நதி, மானங்கொண்டான் ஆறு, முள்ளியாறு எல்லாவற்றிலும் ஆகாயத்தாமரையை அள்ளச் சொல்லி மனு கொடுங்கள். அள்ளாவிட்டால் அலுவலக வாசலில் உட்காருங்கள்.

இதெல்லாம் இந்த மழைக்கு. எல்லா மழைக்கும் ஒரே கேள்விதான்: மேட்டு நிலத்தில் நமக்கு மனைப்பட்டா எப்போது? அது கிடைக்கிறவரை எந்தப் புயலும் நமக்கு வலுவிழந்த புயல் இல்லை.