புதர்க்காட்டில் ஒரு சிறுமி: யோரம் கிராஸின் அசைவூட்டக் கலை

இன்றைய அறக்கட்டளைச் சொற்பொழிவின் பொருள் ஒரு குழந்தைகள் படம்: 1977இல் சிட்னியில் உருவான ‘டாட் அண்ட் த கங்காரு’. அதைப் படைத்தவர் போலந்தில் பிறந்தவர். மூலக்கதையை எழுதியவர் இங்கிலாந்தில் பிறந்தவர். ஆஸ்திரேலியக் குழந்தைகளுக்குச் சொந்தக் காட்டையே அறிமுகம் செய்த இப்படம் புலம்பெயர்ந்து வந்த இருவரின் கொடை.

கதை எளியது. டாட் என்னும் சிறுமி காட்டில் வழி தவறுகிறாள். குட்டியைப் பறிகொடுத்த தாய்க் கங்காரு ஒன்று அவளைத் தன் பையில் ஏற்றிக்கொண்டு வீடு தேடிப் புறப்படுகிறது. தாயைத் தேடும் பிள்ளையும் பிள்ளையைத் தேடும் தாயும் சேர்ந்து போகும் பயணம் என்பதால், படம் முழுவதும் துயரத்தில் தோய்ந்திருக்கும் என்று தோன்றலாம். ஆனால் வழியெல்லாம் சிரிப்பு. வழியில் வரும் பிளாட்டிபஸ் என்னும் விலங்குக்குக் குரல் கொடுத்தவர் புகழ்பெற்ற நகைச்சுவைக் கலைஞர் ஸ்பைக் மில்லிகன். நடுவே பன்யிப் என்னும் நீர்ப்பூதத்தின் பாட்டு வந்து பிள்ளைகளை மிரட்டுகிறது. சிரித்தும் பயந்தும் அந்தக் கங்காருவோடு ஒட்டிக்கொண்ட பிறகுதான் பிரிவு வருகிறது. டாட்டை வீட்டில் சேர்த்துவிட்டுக் கங்காரு காட்டுக்கே திரும்பிவிடுகிறது. அந்தச் சிரிப்பு இல்லையென்றால் இந்தப் பிரிவு இவ்வளவு வலிக்காது.

படத்தின் காடு வரைந்த காடு அல்ல. நீல மலைத்தொடரிலும் ஜெனோலன் குகைப் பகுதியிலும் எடுத்த நிஜக் காட்சிகளின்மேல் கோட்டோவியப் பாத்திரங்கள் நடமாடுகின்றன. உண்மையான பாறை, உண்மையான யூகலிப்டஸ் மரம், அவற்றினிடையே தாவி ஓடும் ஓவியக் கங்காரு. படம் பார்த்த சிட்னிப் பிள்ளை அடுத்த விடுமுறையில் அதே மலைக்குப் போய் நிற்க முடியும்.

யோரம் கிராஸ் 1926இல் கிராக்கோவ் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். நாஜி ஆக்கிரமிப்பின்போது ஒளிந்து ஒளிந்து உயிர் பிழைத்தார். 1950இல் இஸ்ரேலுக்குச் சென்று, அங்கே ‘ஜோசப் த டிரீமர்’ என்ற பொம்மலாட்ட அசைவூட்டப் படத்தை எடுத்தார். 1968இல் மனைவி சாண்ட்ராவோடு சிட்னிக்கு வந்தபோது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. டாட் வரிசையில் மட்டும் ஒன்பது படங்கள் வந்தன. 1982இல் அவர் எடுத்த ‘சாரா’, போரில் குடும்பத்தை இழந்து காட்டில் ஒளியும் சிறுமியின் கதை. அதைப் பார்த்தபின் டாட்டின் காட்டையும் வேறு கண்ணோடுதான் பார்க்க முடிகிறது. கிராஸ் 2015இல் சிட்னியில் காலமானார். அவர் தொடங்கிய நிறுவனம் ஃபிளையிங் பார்க் என்ற பெயரில் இன்றும் அங்கே இயங்குகிறது.

மூலநூலை எழுதிய எத்தல் பெட்லி, சிறுவயதில் சிட்னிக்கு வந்து இசையாசிரியையாக வாழ்ந்தவர். அவர் மறைந்த மறு ஆண்டு, 1899இல், நூல் வெளிவந்தது. காட்டுயிர்கள் ஈவிரக்கமின்றி அழிக்கப்படுவதைப் பிள்ளைகளிடம் எடுத்துச்சொல்லவே அதை எழுதினார்.

மெல்போர்ன் இதே மரபை வேறு வழியில் வளர்த்தது. ஆடம் எலியட்டின் களிமண் அசைவூட்டக் குறும்படம் ‘ஹார்வி கிரம்பெட்’ 2004இல் ஆஸ்கர் வென்றது. அதன் நாயகனும் போலந்திலிருந்து வந்த அகதியே. அது பெரியவர்களுக்கான படம். ஆனால் சிரிக்கவைத்தே நெஞ்சைத் தொடும் வித்தை ஒன்றுதான்.

ஒரு நிலத்தின் கதையைச் சொல்ல அங்கேயே பிறந்திருக்க வேண்டியதில்லை என்பதற்குக் கிராஸும் பெட்லியும் சான்று. சிட்னியின் வென்ட்வர்த்வில், பெண்டில் ஹில் பகுதித் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் நீல மலை அருகில்தான் இருக்கிறது. சனி, ஞாயிறுகளில் நடக்கும் தமிழ்ப் பள்ளிகள் அங்கே எடுத்த சில நிழற்படங்களின்மேல் பிள்ளைகளை வரையச் சொல்லலாம். கங்காருவும் பிளாட்டிபஸும் என்ன பேசிக்கொள்ளும் என்பதை அவர்களே தமிழில் எழுதி, அவர்களே குரல் கொடுக்கட்டும். இன்று அதற்கு ஒரு கைப்பேசியே போதும்.