காப்பி ஸ்பெல்லை யாரும் காஸ்ட் பண்ணல

இன்னைக்கு மேஜிக்: த கேதரிங். கையில கவுன்ட்டர்ஸ்பெல் வெச்சுக்கிட்டே கிரேப்ஷாட்கிட்ட தோத்துப்போறவங்களுக்காக இந்த எபிசோட்.

கிரேப்ஷாட் தனியா பார்த்தா பாவமான கார்டு. ரெண்டு மனா, ஒரே ஒரு டேமேஜ். ஆனா அதுல ஸ்டார்ம் இருக்கு. அந்த டர்ன்ல அதுக்கு முன்னாடி எத்தனை ஸ்பெல் காஸ்ட் ஆச்சோ அத்தனை காப்பி வரும். உங்க லைஃப் 12னு வைங்க. எதிராளி 14 ஸ்பெல் போட்டுட்டு கிரேப்ஷாட் போடுறார். நீங்க கவுன்ட்டர் பண்றீங்க. ஒரிஜினல் போச்சு, 14 காப்பியும் அப்படியே வந்து இறங்குது. ஆட்டம் முடிஞ்சுது.

காப்பியும் ஸ்பெல்தான், அதையும் கவுன்ட்டர் பண்ணலாம். ஆனா ஒரு கவுன்ட்டருக்கு ஒரு காப்பிதான் போகும். நீங்க அடிக்கவேண்டியது ஸ்டார்ம் ட்ரிகரை. ஸ்டிஃபில்னு ஒரு மனா கார்டு அதைச் செய்யும். 2003ல வந்த ஸ்கர்ஜ் செட்லதான் ஸ்டார்மும் வந்துச்சு, ஸ்டிஃபிலும் வந்துச்சு. வியாதியும் மருந்தும் ஒரே பொட்டலத்துல!

அந்தக் காப்பிகளை யாரும் காஸ்ட் பண்ணல. அது நேரா ஸ்டாக்லயே பிறக்குது. அதனாலதான் கிரேப்ஷாட் காப்பிக்கு மறுபடி ஸ்டார்ம் வர்றதில்ல. 'காஸ்ட் பண்ணும்போது'ன்னு எழுதின எந்தத் திறனும், உதாரணத்துக்கு ப்ரவஸ், அசையாது.

சரி, காப்பியில என்னெல்லாம் கூட வரும்? பூர்த்தி பண்ணின ஃபார்மை ஜெராக்ஸ் எடுத்த மாதிரி யோசிங்க. எழுதினது எல்லாம் வரும். 11 மனா கொட்டி X = 10னு ஒருத்தர் ஃபயர்பால் போட்டா, ரெண்டு சிவப்பு மனா ரிவெர்பரேட்டால எடுத்த காப்பியிலயும் X பத்துதான். ஃப்ளிங்குக்கு ஒரு கிரீச்சரைப் பலி கொடுத்திருந்தா, காப்பிக்கு இன்னொண்ணு பலி வேண்டாம்; அதே கிரீச்சரோட பவர்தான் கணக்கு. எனக்கு இந்த விதியிலயே ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான், கொஞ்சம் அநியாயமா இருந்தாலும்.

ஐசோக்ரான் ஸெப்டர் வேற கதை. அது காப்பி எடுக்கிறது எக்ஸைல்ல கிடக்கிற கார்டை, அதாவது வெத்து ஃபார்மை. அந்தக் காப்பியை நீங்களே காஸ்ட் பண்றீங்க. அதனால ப்ரவஸ் வேலை செய்யும், ஸ்டார்ம் எண்ணிக்கை ஏறும், டார்கெட்டைப் புதுசா சொல்லணும். மனா கட்டாம போடுறதால X மட்டும் பூஜ்யம். கார்டைப் படிக்கும்போது 'காப்பி'யோட நிறுத்தாதீங்க, பின்னாடி 'காஸ்ட்' இருக்கான்னு பாருங்க.

கிரீச்சர் ஸ்பெல்லைக் காப்பி எடுத்தா? 2020ல இருந்து அது டோக்கனா களத்துல இறங்கும். அவ்வளவுதான், இதுல பெரிய சிக்கல் இல்ல.

டார்கெட் விஷயத்துலதான் நிறைய பேர் அசந்துடுறாங்க. காப்பிக்கும் பழைய டார்கெட்தான். மாத்தலாம்னு கார்டு அனுமதி கொடுத்தா மட்டும் மாத்தலாம். ரிவெர்பரேட் கொடுக்குது. அந்த 10 டேமேஜ் ஃபயர்பால் உங்களைப் பார்த்து வருது, உங்க லைஃப் 8, அவரோடது 9. ரிவெர்பரேட் போடுங்க. காப்பி உங்களோடது, டார்கெட்டை அவர்மேல திருப்புங்க. ஸ்டாக்ல கடைசியா வந்ததுதான் முதல்ல நடக்கும். ஒரிஜினல் உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடியே அவர் ஆட்டத்துல இருக்கமாட்டார்.