பிற நாட்டுச் சட்டங்களும் நம் கல்வி உரிமையும்



1948 நவம்பர் 4ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் அரசியல் சட்ட வரைவை அரசியல் நிர்ணய சபையின் முன் வைத்தார். பிற நாட்டுச் சட்டங்களைப் பார்த்து எழுதியது என்று சிலர் குறை கூறினர். கடன் கொள்வதில் வெட்கமில்லை. அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கருத்துகள் எவருக்கும் தனியுடைமையல்ல என்று அண்ணல் விடை பகர்ந்தார். அறிவுக்கே வேலியிட்ட நாட்டில் இவ்விடையின் பொருளை நம்மைவிட நன்கறிந்தவர் யார்?

எனினும், கொண்டவை யாவும் நம் தேவைக்குப் போதுமானவையாக இல்லை. 1937ஆம் ஆண்டின் அயர்லாந்துச் சட்டத்தைப் பின்பற்றி வழிகாட்டு நெறிகளை வகுத்தோம். அவை அரசின் கடமையைக் கூறும். ஆனால் அவற்றை நிறைவேற்றுமாறு நீதிமன்றத்தில் வழக்காட இயலாது. பதினான்கு வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி அளிக்கப் பத்தாண்டுகளுக்குள் அரசு முயல வேண்டும் என்ற 45ஆம் விதியும் இந்நெறிகளுள் ஒன்றாகவே வைக்கப்பட்டது. 1960 வந்தது; சென்றது. 1993இல் உச்சநீதிமன்றம் அதனை உரிமையென அறிவித்தது. 2002இல் 86ஆவது திருத்தம் 6 முதல் 14 வயது வரை கல்வியை அடிப்படை உரிமையாக்கிற்று. அது நடைமுறைக்கு வந்ததோ 2010 ஏப்ரல் முதல் நாளில்! இடைப்பட்ட ஐம்பது ஆண்டுகளில் பள்ளி வாசலை மிதியாமலே வளர்ந்தவர்களுள் நம் தாய் தந்தையரும் உளர்.

நிறவெறியில் நசுங்கி 1994இல் மீண்ட தென்னாப்பிரிக்கா, 1996இல் தன் அரசியல் சட்டத்தை இயற்றியபோது நம் சட்டத்தையும் ஆராய்ந்தது. ஆயினும் கல்வியை வெறும் நெறியாக விட்டுவிடவில்லை. அடிப்படைக் கல்வி ஒவ்வொருவருக்கும் உரிமை, முதியோர்க்கான அடிப்படைக் கல்வியும் அதில் அடங்கும் என்று 29ஆம் பிரிவில் எழுதிற்று. வீட்டுரிமைக்கு உள்ள 'படிப்படியாக' என்னும் வரம்பு இதற்கு இல்லை. அங்கும் பள்ளிகள் யாவும் செம்மையுற்றுவிடவில்லை. ஆனால் 2012இல் லிம்போப்போ மாநிலத்துப் பிள்ளைகளுக்குப் பாடநூல்கள் சேராதபோது, அது உரிமை மீறலே என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முறையிடுவோர் கையில் சட்டம் இருந்தது.

நாம் கற்க வேண்டியது இதுவே. சீர்திருத்தம் என்னும் பெயரால் உள்ள உரிமையைக் குறைக்க வருவோரை எதிர்ப்போம். உரிமையை விரிக்கும் திருத்தம் எந்நாட்டிலிருந்து வரினும் ஏற்போம். ஆறு வயதுக்குட்பட்ட மழலைக்கும், பதினான்கைக் கடந்த இளைஞர்க்கும், எழுத்தறியா முதியோர்க்கும் கல்வி உரிமையாக வேண்டும் என்று கேட்போம்.

இளைஞர்களே! அதற்கு முதற்படியாக நம் அரசியல் சட்டத்தைப் படியுங்கள். படித்ததை, படிக்க வாய்ப்பற்றுப்போன நம் பெற்றோர்க்கு எடுத்துரையுங்கள்.