பின்நின்ற தலைமை



தலைமை என்னும் சொல்லைக் கேட்டவுடன் மேடையும் மாலையும் ஒலிபெருக்கியுமே பலர் உள்ளத்தில் தோன்றுகின்றன. படைக்கு முன் செல்பவனே தலைவன் என்னும் எண்ணம் நெடுங்காலமாக வேரூன்றிவிட்டது. போர்க்களத்திற்கு அது பொருந்தலாம். ஆனால் மனித வாழ்வின் பெரும்பகுதி போர்க்களத்தில் கழிவதில்லை. பள்ளியிலும் அலுவலகத்திலும் அச்சகத்திலும் வயலிலும் கழிகிறது. அங்கே ஒரு வேலை நடைபெறுவதும் நின்றுபோவதும் பெரும்பாலும் வெளியில் தெரியாத ஒருவரைப் பொறுத்தே அமைகின்றன.

இந்த உண்மையை வள்ளுவர் நன்கு உணர்ந்திருந்தார். பொருட்பாலில் ‘தெரிந்து வினையாடல்’ என ஓர் அதிகாரமே வகுத்தார். வினைக்கு உரியவனை ஆராய்ந்து தேர்தல், தேர்ந்தபின் பொறுப்பை அவனிடமே விடுதல், விட்டபின்னும் வினை செய்வோரின் நிலையை நாள்தோறும் நோக்கிவருதல் என மன்னனுக்குரிய கடமைகள் அங்கே கூறப்பெறுகின்றன. இவற்றுள் எதுவும் முரசறைந்து செய்வதன்று. நாள்தோறும் நோக்கிவருதல் என்பதை எவரும் வரலாற்றில் எழுதிவைப்பதில்லை. ஆயினும் அதுவே தலைமையின் பெரும்பகுதி. இவ்வுண்மைக்குத் தமிழுலகில் ஓர் எடுத்துக்காட்டுத் தேடினால் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. பெரியசாமித் தூரனும் அவர் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து உருவாக்கிய தமிழ்க் கலைக்களஞ்சியமும் போதும்.

கலைக்களஞ்சியம் போன்ற முயற்சிகள் தமிழுக்கு முற்றிலும் புதியன அல்ல. யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப் பிள்ளையின் அபிதான கோசம் 1902-இல் வெளிவந்தது. ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910-இல் வெளிவந்தது. ஒவ்வொன்றும் ஒரு தனிமனிதரின் பல்லாண்டு உழைப்பு. புராணச் செய்திகளையும் இலக்கியச் செய்திகளையும் பெருமளவில் கொண்ட அந்நூல்களை, நினைவாற்றலும் பொறுமையும் உடைய ஒருவர் தனித்திருந்து தொகுக்க முடிந்தது. ஆனால் அணுவியல், மருத்துவம், பொருளியல், பொறியியல், வானவியல் ஆகிய அனைத்தையும் உள்ளடக்கும் ஒரு நூலை எந்தத் தனிமனிதரும் எழுத முடியாது. அதற்குப் பலர் வேண்டும். அந்தப் பலரையும் ஒரு நெறியில் செலுத்த ஒருவர் வேண்டும்.

தி. சு. அவினாசிலிங்கம் சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1946-இல் தமிழ் வளர்ச்சிக் கழகம் தோன்றியது. தமிழில் கலைக்களஞ்சியம் வேண்டும் என்னும் பெருவிருப்பம் அங்கேதான் திட்டமாக உருப்பெற்றது. திட்டம் வகுப்பதற்கு ஒருவகைத் துணிவு வேண்டும். அத்திட்டத்தை முடித்துக் காட்டுவதற்கு மற்றொருவகைத் துணிவு வேண்டும். அந்த இரண்டாம் துணிவுக்கு உரியவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றவர் பெரியசாமித் தூரன்.

அவர் 1908-இல் கொங்கு நாட்டில் பிறந்தவர்; கோவையைச் சார்ந்த இராமகிருஷ்ண வித்தியாலயத்தில் பல்லாண்டுகள் ஆசிரியராகப் பணியாற்றியவர். 1948-இல் பதிப்புப் பணியை ஏற்றபோது அவருக்கு நாற்பது வயது. கவிஞராகவும் சிறுகதை ஆசிரியராகவும் இசைப்பாடல் இயற்றுபவராகவும் அவர் அறியப்பெற்றிருந்தார். நாற்பது வயது என்பது ஓர் எழுத்தாளரின் கைவன்மை முற்றி நிற்கும் பருவம். தம் பெயருக்கு மேலும் நூல்கள் சேர்த்துக்கொள்ளக்கூடிய அந்தப் பருவத்தில், பிறர் எழுதுவதைப் பெற்றுத் திருத்தி ஒழுங்குபடுத்தும் வேலையை அவர் ஏற்றார். தம்முடைய எழுத்தை அவர் அடியோடு நிறுத்திவிடவில்லை. ஆனால் நாளின் பெரும்பொழுது இனிப் பிறர் எழுத்துக்கு உரியதாயிற்று.

அந்த வேலையின் தன்மையை அறிந்தால்தான் அதிலுள்ள தலைமையின் தன்மை விளங்கும். முதலில் தலைப்புச் சொற்களின் பட்டியல் வேண்டும். எதைச் சேர்ப்பது, எதை விடுவது, எதற்கு நான்கு பக்கம், எதற்கு நான்கு வரி என்று முடிவு செய்ய வேண்டும். பின்னர் ஒவ்வொரு தலைப்புக்கும் உரிய அறிஞரைத் தேட வேண்டும். அக்காலத்து அறிவியல் அறிஞர் பெரும்பாலோர் ஆங்கிலத்தில் கற்று, ஆங்கிலத்தில் கற்பித்து வந்தவர்கள். வீட்டில் தமிழ் பேசுவோரும் தம் துறையைப் பற்றித் தமிழில் ஒரு பத்தி எழுதியிருக்க மாட்டார்கள். அவர்களைத் தமிழில் எழுதச் செய்வது ஆணையிட்டு நடப்பதன்று. அரசு அலுவலகத்தில் மேலதிகாரியின் சொல்லுக்கு இருக்கும் வலிமை, பதிப்பாசிரியரின் மடலுக்கு இல்லை. கேட்டுப் பெறலாம், நினைவூட்டலாம், மீண்டும் நினைவூட்டலாம். அவ்வளவுதான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறிஞர்களிடம் இவ்வாறு கட்டுரை பெற்றுத் தொகுப்பது எத்தகைய பணி என்பதை, ஓர் ஆண்டு மலருக்கு இருபது கட்டுரை திரட்டியவர்கள் எளிதில் உணர்வார்கள்.

அடுத்தது அகர வரிசை. பிற நூல்களில் ஓர் இயல் காலந்தாழ்ந்தால் மற்றோர் இயலை முதலில் அச்சிடலாம். கலைக்களஞ்சியத்தில் அது இயலாது. ‘அணு’ என்னும் கட்டுரை வந்து சேராவிட்டால் முதல் தொகுதியே நின்றுவிடும். ‘வானவியல்’ எழுதுபவர் பல ஆண்டு ஆறியிருக்கலாம். ‘அணு’ எழுதுபவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. எவரை இன்றே விரைவுபடுத்த வேண்டும், எவரை விட்டுப்பிடிக்கலாம் என்பதை அறிந்து நடத்தும் நுட்பம் வெளியே தெரிவதில்லை. ஆனால் அது தவறினால் அனைத்தும் தவறும்.

கலைச்சொற்களின் சிக்கல் இதனினும் நுண்ணியது. ஒரே வளிமத்தை ஓர் அறிஞர் ‘ஆக்சிஜன்’ என்பார். மற்றொருவர் ‘பிராணவாயு’ என்பார். இன்னொருவர் ‘உயிர்வளி’ என்பார். மூவரும் தத்தம் கொள்கையில் உறுதியுடையவர்கள். பதிப்பாசிரியர் அவற்றுள் ஒன்றை ஏற்றாக வேண்டும். சொல் முடிவானால்தான் அக்கட்டுரை எந்தத் தொகுதியில் இடம்பெறும் என்பதே முடிவாகும். ஆகாரத்தில் தொடங்கும் சொல் தொடக்கத்தில் வரும். பகரத்தில் தொடங்குவது சில ஆண்டுகள் கழித்து வரும். ஆகவே கருத்து வேறுபாட்டை நீளவிடவும் முடியாது. எவர் மனமும் புண்படும்படி வெட்டி முடிக்கவும் முடியாது. இன்று மனம் வருந்தியவர் நாளை மற்றொரு கட்டுரைக்கு வேண்டியவராக இருப்பார்.

இவ்வளவுக்கும் பிறகு அச்சகம். அது ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்துக் கோத்த காலம். மெய்ப்பில் ஒரு வரி கூடினால் அடுத்த பக்கம் நகரும். ஒரு படம் இடம் மாறினால் பாரமே மாறும். அச்சுக்கோப்போரின் கண்ணும் மெய்ப்புத் திருத்துவோரின் கண்ணும் ஒருங்கே விழித்திருந்தால்தான் ஒரு தொகுதி பிழை குறைந்து வெளிவரும். அவர்கள் பெயர்கள் எவர் நினைவிலும் இல்லை. அவர்களும் இக்கதையின் தலைவர்களே.

முதல் தொகுதி 1954-இல் வெளிவந்தது. ஒன்பதாம் தொகுதி 1963-இல் வெளிவந்தது. இதற்கிடையில் உலகம் கலைக்களஞ்சியத்திற்காகக் காத்திருக்கவில்லை. அகர, ஆகாரச் சொற்கள் அச்சேறிய பின்னர் 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. ஆந்திரப் பிரதேசம் தோன்றியது. 1957-இல் முதல் செயற்கைக்கோள் விண்ணில் ஏவப்பெற்றது. 1961-இல் மனிதன் விண்வெளிக்குச் சென்று திரும்பினான். நூல் முற்றுப்பெறும் முன்பே அதன் தொடக்கம் பழமையடையத் தொடங்கியது. இது கலைக்களஞ்சியப் பணியில் உள்ள இயல்பான துயரம். பணியை இடையில் கைவிட விரும்புவோர்க்கு இதைவிடச் சிறந்த காரணம் கிடைக்காது. ஆனால் அவர் கைவிடவில்லை. பத்தாம் தொகுதியை இணைப்புத் தொகுதியாக 1968-இல் வெளியிட்டு முழுமை செய்தார். இருபது ஆண்டுகள் அதற்குள் கழிந்திருந்தன.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் நலம். பின்நிற்பவர் அனைவரும் தலைவர் ஆகார். பொறுப்புக்கு அஞ்சிப் பின்நிற்பவர் உண்டு. பிறரை முன்தள்ளித் தாம் நூலிழுத்து ஆட்டிவைப்பவரும் உண்டு. இம்மூவரும் வெளிப்பார்வைக்கு ஒருவர்போலவே தோன்றுவர். இவர்களை வேறுபடுத்தி அறியும் வழி எளியது: குறை நேரும்போது யார் முன்வந்து நிற்கிறார் என்று பார்த்தால் போதும். கலைக்களஞ்சியத்தில் ஒரு கட்டுரை சிறந்திருந்தால் பாராட்டு அதை எழுதிய அறிஞரைச் சேரும். ஒரு செய்தி பிழைபட்டால் பழி பதிப்பாசிரியரைச் சேரும். நிறை பிறர்க்கும் குறை தமக்கும் என அமைந்த இப்பணியை அறிந்தே ஏற்று, ஆண்டுக்கணக்கில் அதில் நிலைத்திருப்பதுதான் பின்நின்ற தலைமை. அடக்கமான பேச்சு மட்டும் அதற்குப் போதாது.

அவருடைய ஆசிரியத் தொழில் இதற்குப் பயிற்சிக் களமாக இருந்திருக்கும் என்று கருத இடமுண்டு. மாணவன் வெற்றி பெற்றால் மாணவன் பெயரே வெளிவரும். ஆசிரியர்க்கு அது குறையன்று. அதுவே அவர் எய்த விரும்பிய பயன். அவருடைய இசைப்பாடல்களின் வரலாறும் இத்தகையதே. அவர் இயற்றிய பாடல்கள் பலவும் கருநாடக இசை மேடைகளில் பாடப்பெறுகின்றன. கேட்போர் பாடுபவரைப் பாராட்டுகின்றனர். ‘இப்பாடல் யார் இயற்றியது’ என வினவுவோர் சிலரே. 1953-இல் அவர் வெளியிட்ட ‘பாரதி தமிழ்’ என்னும் தொகுப்பும் நினைக்கத்தக்கது. சுதேசமித்திரன் இதழ்களில் புதைந்து கிடந்த பாரதியின் எழுத்துகளைத் தேடித் தொகுத்துக் கொடுத்த நூல் அது. அதில் ஒளிர்பவர் பாரதியாரே. தேடியவர் நிழலில் நிற்கிறார்.

1968-இல் அவருக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது. அப்போது அவருக்கு அறுபது வயது. பத்துத் தொகுதிகள் முடிந்துவிட்டன; சிறப்பும் வந்துவிட்டது. பிறர் ஓய்வை நாடும் அந்த ஆண்டிலேயே குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி வெளிவந்தது. அதுவும் பத்துத் தொகுதிகள், 1976-இல் நிறைவுற்றது. அறிஞர்க்கு எழுதுவதைவிடக் குழந்தைகளுக்கு எழுதுவது அரிது. பெரியவர் விளங்காததை விளங்கியதாகக் காட்டிக்கொள்வர். குழந்தை அவ்வாறு செய்யாது, புத்தகத்தை மூடிவிடும். அறுபது வயதில் மீண்டும் அகரத்திலிருந்து தொடங்கி, அறுபத்தெட்டாம் வயதில் அவர் அப்பணியையும் முடித்தார். 1987-இல் மறைந்தார்.

இன்று அவ்விரு களஞ்சியங்களும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் எவரும் படிக்கும் வண்ணம் உள்ளன. அவற்றின் செய்திகள் பல காலத்தால் பழமையடைந்துவிட்டன. ஆனால் அத்தொகுதிகள் ஒரு வினாவுக்கு விடையாக நிற்கின்றன. தமிழில் அறிவியல் எழுத முடியுமா என்னும் வினா, நாடு விடுதலை பெற்ற நாளில் உண்மையாகவே எழுப்பப்பெற்ற ஒன்று. அதற்கு மேடையில் விடை கூறியவர் பலர். எழுதச் செய்து, எழுதியதைத் திருத்தி, அச்சிட்டு அடுக்கிக் காட்டியவர் சிலர். முன்னவர் சொற்களுக்குக் கைதட்டல் கிடைத்தது. பின்னவர் உழைப்பால் நூலகத்தில் ஓர் அலமாரி நிறைந்தது.

இத்தகைய தலைமை பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் உரியதன்று. காலையில் முதல் மணி அடிக்கும் முன்பே எந்த வகுப்பில் ஆசிரியர் இல்லை என்று அறிந்து, ஒருவரை அனுப்பிவைக்கும் பள்ளி எழுத்தர் உண்டு. புதிதாகச் சேர்ந்தவர் செய்த பிழையைப் பலர் முன் கூறாமல், மாலையில் தனியே அழைத்துக் காட்டிக்கொடுக்கும் மூத்த தொழிலாளி உண்டு. மருத்துவமனையில் இரவுப் பணி முடிந்தும் அடுத்தவர் வரும்வரை நோயாளியின் நிலையை எடுத்துரைக்கக் காத்திருக்கும் செவிலியர் உண்டு. அவர்கள் எவர்க்கும் தலைவர் என்னும் பெயர் இல்லை. அவர்கள் விடுப்பெடுத்த நாளில்தான் அவர்கள் யார் என்பது பிறர்க்குத் தெரிகிறது.

ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகள் நிலைத்து நிற்பதும் அவ்வாறே. உரையாற்றியவர்களின் பெயர்கள் இம்மலரில் இடம்பெறும்; இடம்பெறத்தான் வேண்டும். ஆனால் மாதந்தோறும் அழைப்பு எழுதி அனுப்பியவர், மழை நாளிலும் மண்டபத்தின் சாவியோடு முதலில் வந்தவர், ஐந்து பேரே வந்த கூட்டத்தையும் ஒத்திவைக்காமல் நடத்தியவர், கூட்டம் கலைந்தபின் நாற்காலிகளை அடுக்கிவைத்தவர் ஆகியோரின் பெயர்களும் அவற்றோடு சேர்ந்திருக்க வேண்டியவை. இந்த அவையிலும் அவர்கள் இருக்கிறார்கள். முன்வரிசையில் அவர்களைத் தேட வேண்டா. கூட்டம் முடிந்தபின் கதவருகே பார்த்தால் போதும்.