தானே புறப்படும் அட்டவணை



வெள்ளிவிழா மேடையில் வாழ்த்துரை வழங்கத் தகுதி வாய்ந்தோர் பலர் உள்ளனர். எனக்கோ, இளைஞர்க்குப் பயன்படும் தொழில்நுட்பம் ஒன்றினை விளக்குமாறு பணித்துள்ளார்கள். ஆகவே, விவரங்களை அட்டவணையாக்கி, குறித்த நேரத்தில் மின்னஞ்சல் வழியே தானாகவே அனுப்பிவைக்கும் நிரலைப் பற்றிப் பேச விழைகின்றேன்.

அரசு அலுவலகத்தில் பணியாற்றியோர் 'ரிட்டர்ன்' என்னும் சொல்லை அறிவார்கள். எழுத்தர் பதிவேட்டைப் புரட்டி, எண்களைக் கூட்டி, கட்டம் போட்ட தாளில் எழுதி, கார்பன் வைத்துப் படியெடுத்து, மேலிடத்திற்குத் தபாலில் சேர்ப்பார். அவர் விடுப்பில் சென்றால் ரிட்டர்னும் விடுப்பில் செல்லும். அந்த எழுத்தரின் வேலையைத்தான் நிரல் செய்கின்றது. விவரம் இருக்கும் கோப்பைத் திறக்கின்றது. வேண்டியவற்றைப் பிரித்து அட்டவணையாக்குகின்றது. அஞ்சலில் வைத்து அனுப்புகின்றது. பைத்தான் மொழியில் எழுதினால் ஒரு தாளுக்குள் அடங்கிவிடும். நேரம் பார்த்து அதனை எழுப்பிவிடுவதற்குக் 'கிரான்' என்றொரு காவற்காரன் இருக்கின்றான். யூனிக்ஸ் முறைமையில் 1970-களிலேயே பிறந்தவன், இன்றும் ஓய்வு பெறவில்லை.

இவ்வேளச்சேரிக்கு அண்மையிலுள்ள சென்னை ஐ.ஐ.டி., 1986-இல் தொடங்கிய எர்நெட் திட்டத்தில் பங்கு கொண்ட நிறுவனங்களுள் ஒன்று. இந்தியக் கல்விக்கூடங்களை மின்னஞ்சலால் இணைத்த திட்டம் அது. அக்காலத்து அஞ்சல் விதி, 1982-இல் வகுக்கப்பட்டது, ஆங்கில எழுத்துகளை மட்டுமே கருதியது. 1992-இல் 'மைம்' என்னும் முறை வந்த பின்னரே பிற மொழி எழுத்துகளும், கட்டமிட்ட அட்டவணையும், இணைப்புக் கோப்பும் அஞ்சலில் ஏறின.

இனி, நாம் அனைவரும் பார்த்துப் பழகிய அட்டவணை ஒன்றினை எடுத்துக்கொள்வோம். சென்னைக் குடிநீர் வாரியம் நாள்தோறும் ஏரிகளின் நீர் இருப்பை வெளியிடுகின்றது. பூண்டியின் முழுக் கொள்ளளவு 3,231 மில்லியன் கனஅடி, சோழவரம் 1,081, செங்குன்றம் 3,300, செம்பரம்பாக்கம் 3,645, 2020-இல் சேர்ந்த கண்ணன்கோட்டை - தேர்வாய்கண்டிகை 500. நிரல் ஒன்று காலைதோறும் அதனை எடுத்து, நேற்றைய எண்ணோடு ஒப்பிட்டு, உங்கள் தெருவிலுள்ள ஐம்பது பேருக்கு அனுப்பலாம். நல்ல பயிற்சி, செய்து பாருங்கள்.

ஆயினும், 2015 டிசம்பரை நினைவு கூருங்கள். அன்று செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு ஏறத்தாழ 29,000 கனஅடி திறக்கப்பட்டது. அந்நீர் அடையாற்றின் வழியே சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் எனச் சென்றது. வேளச்சேரியை மூழ்கடித்ததில் பெரும்பங்கு அதற்கன்று. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டிய மழையும், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் முதலிய சிறு ஏரிகளின் உபரியும், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திற்குப் போகும் வழி குறுகிப் போனமையுமே நம் வாசலில் நீரை நிறுத்தின. அச்சிற்றேரிகளுக்கு அவ்வட்டவணையில் இடமில்லை. அது குடிநீருக்காக வகுக்கப்பட்ட அட்டவணை, அதன்மேல் குற்றமில்லை. ஆனால், அதனை மட்டும் நாள் தவறாமல் பெற்றுக்கொண்டு, 'ஏரியில் இன்னும் இடமிருக்கிறது' என்று உறங்கச் செல்பவன், 2023-இல் மிக்ஜாம் புயலின்போதும் நனைந்திருப்பான். நிரல் எழுதுவதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். எந்த நெடுவரிசை வேண்டும் என்று முடிவு செய்வதற்கே அறிவு வேண்டும்.

நம் சங்கத்தின் வேலைக்கு இதனைக் கொண்டுவருகின்றேன். 1944-இல் தொடங்கிய, பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்பிற்கான பட்டியல் சாதி மாணவர் உதவித்தொகையால் படித்து முன்னேறியோர் இவ்வவையிலேயே பலர் இருப்பீர்கள். 2021-22 முதல் அதில் மத்திய அரசின் பங்கு நேராக மாணவரின் வங்கிக் கணக்கில் சேர்கின்றது. அக்கணக்கு ஆதாருடன் இணைந்திருத்தல் வேண்டும். இணையாத கணக்கிற்குப் பணம் வாராது. கல்லூரியோ கட்டணம் கேட்கும். பிள்ளை வெட்கத்தால் வீட்டில் சொல்லாது. சில மாதங்களில் வகுப்பிற்குச் செல்வதையே நிறுத்திவிடும். ஆக, 'விண்ணப்பித்தோர் எத்தனை பேர்' என்ற எண்ணை மட்டும் வாரந்தோறும் அனுப்பும் நிரலால் நமக்குப் பயனில்லை. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார் இணைப்பு, தொகை வரவு என ஒவ்வொன்றிற்கும் ஒரு நெடுவரிசை வேண்டும். 'எத்தனை நாளாக நிற்கின்றது' என்பதற்குத் தனியே ஒன்று வேண்டும். அதிக நாள் நிற்பவரின் வரிசை மேலே வருமாறு அமைக்க வேண்டும். இதனை எந்த அலுவலகமும் நமக்கு வகுத்துத் தராது. நெடுங்காலம் நாம் பிறர் எழுதிய கணக்கில் ஒரு வரிசையாகவே இருந்தோம். அண்ணல் அம்பேத்கர் 1925-இல் வெளியிட்ட மாகாண நிதி பற்றிய நூலைப் புரட்டிப் பாருங்கள். அரசின் கணக்கைத் தாமே அட்டவணையிட்டு, அரசையே கேள்வி கேட்டவர் அவர்.

யாருக்கு அனுப்புவது என்பதிலும் எச்சரிக்கை தேவை. ஒரு பிள்ளையின் சாதி, குடும்ப வருமானம், வங்கிக் கணக்கு எண் ஆகியவை நூறு பேரின் அஞ்சற்பெட்டியில் கிடக்க வேண்டியவை அல்ல. பொறுப்பாளருக்கு அவரவர் மாணவரின் வரிசை மட்டுமே செல்லட்டும். பெயருக்குப் பதில் சேர்க்கை எண் போதும். பொது அறிவிப்பாயின், பெறுவோர் முகவரிகள் ஒருவருக்கொருவர் தெரியாதபடி மறைபடியாக அனுப்புக. அஞ்சற்கணக்கின் கடவுச்சொல்லை நிரலுக்குள் எழுதி வைப்பது, வீட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவதற்கு ஒப்பாகும். கூகுள் அஞ்சலில் 2022 முதல் வழக்கமான கடவுச்சொல்லை நிரல் ஏற்காது. 16 எழுத்து கொண்ட தனிச் செயலிக் கடவுச்சொல் பெற வேண்டும். அதனையும் வேறொரு கோப்பில் மறைவாக வையுங்கள்.

சில்லறைத் தொல்லைகள் சிலவும் உண்டு. வாடகைக் கணிப்பொறிகள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடுபவை. அவற்றில் காலை 7 என்று எழுதினால் அஞ்சல் நம் நேரம் பிற்பகல் 12.30-க்கு வரும். காலை 7-க்கு வேண்டுமாயின் 1.30 என்று எழுதுக. இணைப்புக் கோப்பை எக்செலில் திறந்ததும் தமிழ்ப் பெயர்கள் உருத்தெரியாமல் சிதைந்தால், கோப்பைச் சேமிக்குமிடத்தில் 'யுடிஎஃப்-8-சிக்' என்று குறிப்பிட்டால் சீராகும். அட்டவணையின் கோடுகளையும் நிறங்களையும் ஒவ்வொரு கட்டத்தினுள்ளேயே குறிக்க வேண்டும். அஞ்சல் நிரல்கள் பல, வெளியிலிருக்கும் அலங்காரக் கட்டளையை மதிப்பதில்லை.

இவற்றைக் காட்டிலும் பெரிய தொல்லை ஒன்று உண்டு. கோப்பு இடம் மாறும், இணைய இணைப்பு அறும். நிரல் ஓசையின்றி நின்றுவிடும். அஞ்சல் வரவில்லையே என்று எவரும் கேட்கமாட்டார்கள். குறை ஏதுமில்லை போலும் என்றே எண்ணுவார்கள். அதேபோல், காலியான கட்டத்தைச் சுழி என்று அச்சிட விடாதீர்கள். பணம் வரவில்லை என்பது வேறு. வந்ததா என்று இன்னும் கேட்கப்படவில்லை என்பது வேறு. ஆதலால் நிலுவை எதுவுமில்லாத வாரத்திலும், 'இவ்வாரம் பார்க்கப்பட்டோர் இத்தனை பேர், நிலுவை இல்லை' என்ற ஒரு வரியையாவது அனுப்புமாறு எழுதுங்கள். அந்த வரியும் வாராத திங்கட்கிழமை, பொறுப்பாளர் ஒருவர் எழுந்து வந்து கணிப்பொறியைப் பார்க்கட்டும்.