லைன் கட் ஆச்சு, லாகின் கட் ஆகலை

காரைக்குடியிலிருந்து பேசுறேன். பழைய சர்வர்களைப் பத்திப் பேசிட்டு வர்றோம். இன்னைக்கு மோடம்.

1997. விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15-ல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்திருந்தாலும், ஆரம்பத்தில் அது பெரிய நகரங்களுக்குத்தான். எனக்கோ சிவகங்கையில் ஒரு கடையின் எஸ்சிஓ யூனிக்ஸ் சர்வரைப் பார்த்துக்கிற வேலை. சின்னக் கோளாறுக்கும் பஸ் ஏறணும். அதுக்குத்தான் மோடம் வச்சோம். இங்கே ஒண்ணு, அங்கே ஒண்ணு, நடுவில் சாதாரண டெலிபோன் லைன். இணையமே வேண்டாம்.

அந்தப் பக்கத்து மோடத்துக்கு நாலு கட்டளை கொடுக்கணும். ஹேய்ஸ் கம்பெனி கொண்டுவந்த 'ஏடி' கட்டளைகள்தான். 'எஸ்0=1' போட்டா முதல் மணியிலேயே எடுக்கும். '&சி1' போட்டா, லைன் இருக்கா இல்லையான்னு சர்வருக்கு உள்ளபடி சொல்லும். '&டி2' போட்டா, சர்வர் கைவிட்டதும் மோடம் போனை வச்சிடும்; இல்லைன்னா எஸ்டிடி மீட்டர் ஓடிக்கிட்டே இருக்கும். கடைசியா '&டபிள்யூ', இதையெல்லாம் மோடத்திலேயே சேமிக்க. நம்ம ஊர் கரண்ட் கட்டுக்கு இது முக்கியம்.

எல்லாம் போட்டேன். வேலையும் செஞ்சது. ஒரு நாள் ராத்திரி ரூட்டா உள்ளே இருக்கும்போது லைன் அறுந்துபோச்சு. சரி, காலையில் பார்ப்போம்னு படுத்துட்டேன்.

மறுநாள் கணக்குப்பிள்ளை அண்ணன் கூப்பிட்டார்: "தம்பி, பேரும் கேட்கலை, பாஸ்வேர்டும் கேட்கலை. நேரா # குறி வருதே?"

எனக்குக் கை கால் ஓடலை. # வந்தா அவர் ரூட்! ஒரு வரி தப்பா அடிச்சா மொத்தக் கணக்கும் காலி. "அண்ணே, எதையும் தொடாதீங்க. 'எக்ஸிட்'னு மட்டும் அடிச்சு என்டர் தட்டுங்க"ன்னேன்.

தப்பு என்னோடதுதான். எஸ்சிஓ-வில் ஒரே சீரியல் போர்ட்டுக்கு ரெண்டு பேர் உண்டு. 'டிடிஒய்1ஏ'-வில் கடைசி 'ஏ' சின்ன எழுத்தா இருந்தா, நேரா கேபிள் போட்ட டெர்மினலுக்கு. பெரிய எழுத்தா இருந்தா மோடத்துக்கு. நான் சின்ன எழுத்தை எனேபிள் பண்ணியிருந்தேன். லைன் போச்சுன்னு மோடம் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தது. சர்வர் காதில் வாங்கலை. என் லாகின் ராத்திரி முழுக்கத் திறந்தே கிடந்தது. அந்த நம்பருக்கு யார் மோடம் வச்சு அடிச்சிருந்தாலும் உள்ளே வந்திருப்பாங்க.

சின்னதை டிஸேபிள் பண்ணி, பெரியதை எனேபிள் பண்ணினேன். அதோட ஒரு பழக்கமும் வந்தது. லாகின் பண்ணி, வேணும்னே போன் வயரைப் பிடுங்குவேன். திரும்ப அடிப்பேன். பேர் கேட்டாத்தான் வேலை முடிஞ்சதுன்னு அர்த்தம்.

இன்னைக்கு மோடம் இல்லை, விபிஎன் இருக்கு. பரிசோதனை அதேதான். உள்ளே போக முடியுதான்னு எல்லாரும் பார்க்கிறோம். பாதியில் அறுந்தா கதவு தானா சாத்துதான்னும் பாருங்க. அடுத்த பகுதியில் சந்திப்போம்.