ஆறாம் ஆண்டுக்குப் பிறகு: பேராக்கின் இடைநிலைப்பள்ளியும் தமிழ்ப் பிள்ளையும்



தமிழ்க்கல்வி என்று தலைப்பிட்டு நம் நாட்டில் ஆற்றப்பெறும் உரைகளுள் பெரும்பாலானவை ஆறாம் ஆண்டோடு நின்றுவிடுகின்றன. 1816-இல் பினாங்கு பிரீ பள்ளியில் தமிழ் வகுப்புத் தொடங்கிய வரலாறு, தோட்டப்பள்ளிகளின் இடர்ப்பாடுகள், கட்டடம், நிலம், குறைந்துவரும் மாணவர் தொகை ஆகியவற்றை நாம் அயராது பேசுகிறோம். அவை பேசப்பட வேண்டியவையே. ஆயினும், தமிழ்ப்பள்ளியை விட்டு நீங்கும் பிள்ளை தேசிய இடைநிலைப்பள்ளியின் வாயிலுக்குள் காலெடுத்து வைத்த பின்னர் அதற்கு நேர்வன யாவை என்று கேட்பார் சிலரே. இடைநிலைப்பள்ளிகளில் தமிழ் கற்பிப்போர் என்ற முறையில் நாங்கள் இன்று அவ்வினாவையே எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் சிறிது வரலாறு. 1912 ஆம் ஆண்டு நம் பேராக்கின் கல்வி வரலாற்றில் இருமுறை குறிக்கத்தக்கது. ஈப்போவில் செயின்ட் மைக்கல் பள்ளி தோன்றியது அவ்வாண்டில்தான். தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருப்பின் அங்கே பள்ளி அமைக்குமாறு பணிக்க அரசுக்கு அதிகாரமளித்த தொழிலாளர் சட்டம் பிறந்ததும் அவ்வாண்டில்தான். ஒன்று நகரத்து ஆங்கிலப் பள்ளி. மற்றொன்று இரப்பர்த் தோட்டத்து லயங்களின் ஓரத்தில் நின்ற ஓரறைக் கொட்டகை. தைப்பிங்கில் 1883 முதல் ஏழாம் எட்வர்ட் பள்ளி இருந்தது. ஈப்போவில் 1895-இல் ஆங்கிலோ சீனப் பள்ளியும் 1909-இல் ஆண்டர்சன் பள்ளியும் எழுந்தன. பால்மரம் வெட்டியவரின் பிள்ளைக்கு இப்பள்ளிகள் இரயிலில் போகும்போது சன்னல் வழியே தெரிந்த கட்டடங்கள், அவ்வளவே. தோட்டப்பள்ளியில் கற்பித்தவர் பல இடங்களில் கிராணியாகவோ கங்காணியின் உறவினராகவோ இருந்தார். அங்கே பயின்ற பிள்ளை நான்காம் வகுப்பிலோ ஆறாம் வகுப்பிலோ நின்று, மறுநாள் விடியலில் பெரட்டுக்குத் தாயுடன் சென்றது.

இவ்விரண்டு உலகங்களையும் அறிந்தவர் துன் வீ. தி. சம்பந்தன். சுங்கை சிப்புட்டில் 1919-இல் பிறந்த அவர் கோலகங்சார் கிளிப்பர்டு பள்ளியில் பயின்று, பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சென்றார். அவர் குடும்பம் நிலமுடையது. ஆகவே அவருக்கு அது இயன்றது. 1954-இல் சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலையை எழுப்பியதும், தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் தெருவில் நின்றபோது 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் அவர் ஆற்றிய பெரும்பணிகள். நிலமும் பள்ளியும் ஒன்றையொன்று தாங்குவன என்பதை அவர் உணர்ந்திருந்தார் என்றே நாங்கள் கருதுகிறோம்.

தோட்டத்துப் பிள்ளைக்கு இடைநிலைப்பள்ளி உண்மையில் திறந்தது 1965-இல். அதற்கு முன்னர் ஆறாம் ஆண்டிறுதியில் நடைபெற்ற நுழைவுத்தேர்வு பெரும்பகுதியினரை வெளியே நிறுத்தியது. அத்தேர்வு நீக்கப்பட்டு, மூன்றாம் படிவம் வரை எல்லாரும் செல்லலாம் என்ற நிலை வந்தபோது, தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தோர்க்குப் புகுமுக வகுப்பு ஒன்று வழியாயிற்று. 1961 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தமிழைத் தொடக்கப்பள்ளியில் பயிற்று மொழியாக நிலைநிறுத்தியது. இடைநிலையிலோ அதனை ஒரு பாடமாக, ‘மாணவர் தம் சொந்த மொழி’ என்னும் பெயரில், ஓர் ஓரத்தில் அமர்த்தியது. அந்த ஓரத்தில்தான் நாங்கள் பணியாற்றுகிறோம்.

புகுமுக வகுப்பைப் பற்றி இருவேறு கருத்துகள் உள. ‘ஓராண்டு வீண்’ என்பார் பலர். பெற்றோர் சிலர் தம் பிள்ளை தோற்றுப்போய்விட்டதாகவே எண்ணி நாணுகின்றனர். நாங்கள் இவ்வாறு கருதவில்லை. எட்டுப்பேரோடு ஆறாண்டு பயின்ற பிள்ளை, முப்பத்தைந்து பேர் கொண்ட வகுப்பிலும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கூடும் திடலிலும் வந்து நிற்கிறது. அறிவியலும் கணிதமும் அதுவரை தமிழில் அதன் செவிக்கு வந்தன. இனி மலாயில் வரும். மொழி மாற்றத்திற்கு ஓராண்டு கொடுப்பது அருளே. குறை, அவ்வாண்டினை எவரும் பெற்றோர்க்கு விளக்காததிலும், அவ்வகுப்பினைப் பள்ளியின் கடைக்கோடி அறையில், புதிதாக வந்த ஆசிரியரிடம் ஒப்படைத்துவிடுவதிலும் இருக்கிறது. சிறந்த மலாய்மொழி ஆசிரியரை எந்தப் பள்ளி புகுமுக வகுப்புக்கு அனுப்புகிறதோ, அந்தப் பள்ளியின் குறிக்கோள் சுவரில் எழுதப்பட்டதோடு நிற்கவில்லை என்று நாங்கள் முடிவு செய்துகொள்வோம்.

குறிக்கோள் என்றதும் ஒன்று கூற வேண்டும். எல்லா இடைநிலைப்பள்ளியிலும் முகப்பில் தொலைநோக்கும் பணிநோக்கும் பொறித்த பலகை உண்டு. 1988-இல் வகுக்கப்பட்ட தேசியக் கல்வித் தத்துவம் அறிவு, ஆன்மிகம், உணர்வு, உடல் ஆகிய நான்கும் இயைந்த மாந்தனைப் படைப்பதைப் பேசுகிறது. நல்ல சொற்கள், நாங்கள் அவற்றை நகைக்கவில்லை. ஆனால் உணர்வின் இயைபு என்பது, பிள்ளை வீட்டில் பேசும் மொழிக்குப் பள்ளியின் கால அட்டவணையில் ஓர் இடம் இருக்கிறதா என்பதில் தொடங்குகிறது.

அந்த இடம் 15 என்னும் எண்ணைப் பொறுத்தது. தேசியப் பள்ளியில் குறைந்தது 15 மாணவரின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ் கற்பிக்க வசதி செய்து தரப்பட வேண்டும் என்கிறது 1996 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். இடைநிலைப்பள்ளிகளிலும் அவ்வெண்ணே அளவுகோலாக வழங்கிவருகிறது. இதனைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டுள்ளனர். ஒரு வகுப்பில் 15 பேர் என்பது பொருளன்று. பள்ளி முழுவதிலும் 15 பேர். அதைவிட முக்கியமானது, ‘கேட்டுக்கொண்டால்’ என்னும் சொல். கேளாதவர்க்கு இல்லை.

ஒரு கணக்கை எண்ணிப் பாருங்கள். பேராக்கில் 134 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. வேறெந்த மாநிலத்திலும் இத்துணை இல்லை. ஆயினும் அவற்றுள் பல மிகச் சிறியவை. பெயரில் இன்னும் ‘தோட்டம்’ இருக்கும். சுற்றிலும் பால்மரம் இராது, செம்பனையோ வீடமைப்புப் பகுதியோ இருக்கும். அத்தகைய பள்ளியொன்றில் ஆறாம் ஆண்டில் ஒன்பது பேர் என்று கொள்வோம். நால்வர் அருகிலுள்ள இடைநிலைப்பள்ளிக்கும், மூவர் நகரத்துப் பள்ளிக்கும், எஞ்சிய இருவர் உறவினர் வீட்டருகே வேறொன்றுக்கும் செல்கின்றனர். எந்த இடத்திலும் 15 நிறைவதில்லை. அவ்வொன்பது பேரும், அண்டையிலுள்ள வேறொரு தமிழ்ப்பள்ளியின் எண்மரும் ஒரே பள்ளியைத் தேர்ந்திருந்தால், முதல் நாளிலேயே 17 கையொப்பங்கள் முதல்வரின் மேசைமீது இருந்திருக்கும். பெற்றோர் எல்லாரையும் ஓரிடத்திற்கே செல்லுமாறு நாம் வற்புறுத்த இயலாது. ஆனால் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்கள் ஆறாம் ஆண்டு முடியுமுன் ஒருமுறை கூடி, எப்பிள்ளை எங்கே செல்கிறது என்னும் பட்டியலை இடைநிலைப்பள்ளித் தமிழாசிரியரிடம் கொடுப்பதற்குச் சட்டமும் வேண்டா, பணமும் வேண்டா.

வகுப்பு அமைந்துவிட்டால் இடர் தீர்ந்தது என்று எண்ண வேண்டா. பல பள்ளிகளில் தமிழ் கால அட்டவணைக்கு வெளியே, பிற்பகலில் நடைபெறுகிறது. பள்ளிப் பேருந்தும் கூலி வேனும் மதியமே சென்றுவிடும். தமிழுக்காகத் தங்கும் பிள்ளையை அழைத்துவர எவரேனும் வர வேண்டும். தந்தை தொழிற்சாலையில் மாலை வேலை, தாய் உணவகத்தில். பெண்பிள்ளையாயின் பெற்றோர் அஞ்சுவர். ஆக, ‘பிள்ளைக்குத் தமிழில் ஆர்வமில்லை’ என்று நாம் எழுதிவைக்கும் பல நேர்வுகளில், இல்லாதது ஆர்வமன்று, வேன். சுங்கை சிப்புட்டிலோ பீடோரிலோ இருபது வேன் கட்டணத்தை ஏற்றுக்கொள்ளும் ஒரு கோயிற் குழு, அன்னதானத்தில் ஒருநாட் செலவைத்தான் அதற்குக் கொடுக்கும்.

அடுத்து, உதவி என்னும் பொருள். பாடநூல் இரவல் திட்டம் 1975-இல் தொடங்கியது. 2008 முதல் வருமான வேறுபாடின்றி எல்லா மாணவர்க்கும் கிடைக்கிறது. வறிய மாணவர்க்கான அறக்கட்டளை நிதி 2003 முதல் உண்டு. பள்ளிதோறும் வழிகாட்டி ஆலோசக ஆசிரியர் உள்ளார். ஆகவே உதவி இல்லை என்று கூறுதல் பொருந்தாது. உதவிக்கும் பிள்ளைக்கும் இடையே ஒரு படிவம் நிற்கிறது; அதுவே உண்மை. வருமானச் சான்று, வங்கிக் கணக்கு, பிறப்புப் பத்திரம், பெற்றோரின் அடையாள அட்டை. தோட்டம் இருந்தபோது இவற்றையெல்லாம் கிராணி எழுதிக்கொடுத்தார்; அவர் நல்லவரோ அல்லரோ, அலுவலகம் என்று ஒன்று நடைதூரத்தில் இருந்தது. தோட்டம் விற்கப்பட்டபோது வேலையோடு வீடும், வீட்டோடு அந்த மேசையும் போயின. மலிவுவிலை அடுக்ககத்தின் நான்காம் மாடிக்கு வந்த குடும்பத்திற்கு அரசு அலுவலகம் எங்கே இருக்கிறது என்பதே தெரியவில்லை. தமிழாசிரியர் இன்று பாதி நேரம் அந்தக் கிராணியின் மேசையைத்தான் தூக்கிச் சுமக்கிறார். சுமக்கட்டும்; ஆனால் ஒருவரால் முடிவதன்று. புந்தோங்கிலும் பிற இடங்களிலும் மாலை வகுப்பு நடத்தும் இயக்கங்கள் வாரத்தில் ஒருநாள் கணிதத்தை விடுத்துப் படிவம் நிரப்பும் நாளாக வைத்துக்கொண்டால், அதனால் விளையும் நன்மை பெரிது.

இரண்டாம் படிவத்தில் வகுப்பறையின் கடைசி வரிசையில் உறங்கும் பையனை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம். அவன் சோம்பேறி என்பார் கட்டொழுங்கு ஆசிரியர். விசாரித்தால் முந்தைய இரவு கார் கழுவும் கடையில் பதினொரு மணிவரை நின்றிருப்பான். மூன்றாம் படிவத்தில் வருகை குறையும். நான்காம் படிவத்தில் பெயர் மட்டும் இருக்கும். 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயமாயிற்று; அக்கட்டாயம் அன்று இடைநிலைக்கு விரியவில்லை; அவ்விடைவெளியில் விழுந்த பிள்ளைகளை எவரும் மேடையில் ஏற்றவில்லை. எஸ்.பி.எம். முடிவு வெளிவந்ததும் ஒன்பது ‘ஏ’ பெற்றவர்க்கு மாலையும் கேடயமும் அணிவிக்கிறோம். மகிழ்ச்சியே. அதே மண்டபத்தில், தேர்வுக்கூடத்திற்கே வராதவர் எத்தனைபேர் என்று ஒருவர் எழுந்து கேட்டால் விழா கெட்டுவிடுமோ? கெட்டாலும் கேட்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

தமிழ்ப்பாடத்திற்கு மீள்வோம். எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் தனித்தனிப் பாடங்கள். 2009-இல் பாடங்களின் எண்ணிக்கையைப் பத்தாக வரையறுக்க அரசு முனைந்தபோது இவ்விரண்டும் வெளியேறும் நிலை ஏற்பட்டது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்புக்குப் பின்னர் கூடுதலாக இரண்டு பாடங்கள் எடுக்க இசைவு கிட்டியது. அன்று போராடிப் பெற்ற அந்த இரண்டு இடங்களை இன்று நாமே வெறுமையாக விடுகிறோம். ‘அறிவியல் பிரிவுப் பிள்ளைக்கு இலக்கியம் எதற்கு?’ என்று கேட்கும் தமிழ்ப் பெற்றோர்க்கு ஒரு விடை: தமிழ்ப்பள்ளி ஆசிரியராக விழைவோர்க்கு எஸ்.பி.எம். தமிழ்மொழியில் நல்ல தேர்ச்சி வேண்டும். 1922-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தோன்றிய தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் நிறுவனம் இன்று பல்கலைக்கழகமாகி, அங்கே தமிழும் கற்பிக்கப்படுகிறது. நம் மாநிலத்திலேயே இருக்கிறது. ஐந்தாம் படிவத்துத் தமிழ் வகுப்பு வற்றினால் அங்கே செல்வோர் குறைவர். சில ஆண்டுகளில் 134 பள்ளிகளின் முதலாம் ஆண்டு வகுப்பில் நிற்க ஆள் தேட வேண்டிவரும். அப்போது கட்டடம் இருக்கும், நிலமும் இருக்கும்.

இங்கு அமர்ந்திருக்கும் மாணவர்களுக்கு ஒரு சொல். உங்கள் பள்ளியில் தமிழ்மொழிக் கழகம் உண்டெனில் அதனைப் பொங்கல் விழாவுக்கு மட்டும் திறந்து மூடாதீர்கள். படிவம் ஒன்றுக்கும் புகுமுக வகுப்புக்கும் புதிதாக வரும் தம்பி தங்கையர் யார் என்று முதல் கிழமையிலேயே கண்டறியுங்கள். உணவகம் எங்கே, நூலகம் எங்கே, எந்த ஆசிரியரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று ஓர் அக்காவோ அண்ணனோ சொல்வது, ஆலோசக ஆசிரியரின் மூன்று அறிவுரைக் கூட்டங்களைவிட ஆழமாகப் பதியும். எங்களிடம் பயின்றோர் பலர் இதனை எங்களுக்குக் கூறியுள்ளனர்.

கூட்டம் தொடங்குமுன் ஒரு தாயார் எங்களிடம் கேட்டார்: தம் மகள் பயிலும் பள்ளியில் தமிழ்ப் பிள்ளை அவள் ஒருத்தியே, என் செய்வது என்று. அவருக்கு அளித்த விடையையே அனைவர்க்கும் கூறிவிடுகிறோம். வகுப்பு இல்லாத பள்ளியிலிருந்தும் தமிழ்த்தாள் எழுதுவோர் உண்டு. தேர்வுக்குப் பெயர் பதியும் காலத்திற்கு முன்பே, பாடத்தின் பெயரைத் தெளிவாக எழுதி, முதல்வரிடம் கடிதம் கொடுங்கள். அதன் படி ஒன்றில் பள்ளியின் முத்திரை பெற்று வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சிக்கு அருகிலுள்ள பள்ளியின் தமிழாசிரியரை அணுகுங்கள். அவர் பெயர் தெரியாவிடின், கூட்டம் கலைந்ததும் வாயிலருகே நிற்கும் எங்களிடம் உங்கள் ஊரைச் சொல்லுங்கள்.